முதல் பெண்டாவுக்குப் பிறகு வராமல் நின்றுவிடும் குடும்பங்கள்: என்ன பேசுவது, எப்படி வரவைப்பது?

குளத்துக்கரை (கேள்வி):

வணக்கம். கிராம அளவில் தடுப்பூசி வேலை பார்க்கிறவர்கள், பார்த்து ஓய்வு பெற்றவர்கள் யாராவது இருந்தால் உதவுங்கள்.

பிரசவமெல்லாம் ஆஸ்பத்திரியில் என்பதால் பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி), ஹெபடைடிஸ்-பி, முதல் சொட்டு மருந்து எதுவும் தவறுவதில்லை. 6வது வாரப் பெண்டாவுக்கும் (கக்குவான் உட்பட ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி) பெரும்பாலும் வந்துவிடுகிறார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். 10வது வாரத்துக்குக் கூப்பிட்டால், "போன தடவை ரெண்டு நாள் காய்ச்சல், புள்ள ராத்திரி பூரா அழுதுச்சு, கொஞ்சம் உடம்பு தேறட்டும்" என்கிறார்கள். தாய் சரி என்றாலும் மாமியார் விடுவதில்லை. "ஒரே நாள்ல மூணு ஊசியா போடுவாங்க, பச்சப் புள்ளைக்கு?" என்ற கேள்விக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

9வது மாத எம்.ஆர். (தட்டம்மை-ரூபெல்லா) ஊசிக்குத் தடை வேறு மாதிரி. வாட்ஸ்அப்பில் ஒரு ஆடியோ சுற்றுகிறது, அதைக் கேட்டவர்கள் கதவைத் திறப்பதே இல்லை. சில தெருக்களில் "அம்மைக்கு எதுக்கு ஊசி, அது ஆத்தா வந்து போறது" என்கிறார்கள். ஊருக்கு வெளியே செங்கல் சூளையில் ஒடிசாக்காரக் குடும்பங்களும் இருக்கின்றன, அவர்களிடம் பேச மொழியே இல்லை.

மேலே கேட்டால் "விழிப்புணர்வு ஏற்படுத்துங்கள்" என்பார்கள். பேனர் கட்டியாயிற்று, நோட்டீஸ் கொடுத்தாயிற்று. வாசலில் நிற்கும்போது முதல் வாக்கியம் என்னவாக இருக்க வேண்டும், எதைச் சொன்னால் காரியம் கெடும், அதைச் சொல்லுங்கள்.

புதன்கிழமை:

விழிப்புணர்வு என்ற சொல்லை முதலில் ஓரமாக வைப்போம். நீங்கள் சொன்ன ஐந்து வகைக் குடும்பங்களுக்கும் ஐந்து வேறு காரணங்கள். எல்லோருக்கும் ஒரே நோட்டீஸ் கொடுத்தால் யாருக்கும் பொருந்தாது.

டியூ லிஸ்டில் (தவணை வந்த குழந்தைகளின் பட்டியல்) ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வராத காரணத்தை அந்த வீட்டார் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "மறுப்பு" என்று எழுதாதீர்கள், அது காரணமே இல்லை. "காய்ச்சல் பயம்", "மாமியார்", "கூலி போகுது", "தாய் வீட்டுக்குப் போயிருக்கு", "சளி இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க" என்று எழுதிப் பாருங்கள். ஊசியே வேண்டாம் என்று உறுதியாக நிற்பவர்கள் கையளவுதான் இருப்பார்கள். மீதிப் பேர் பயந்தவர்கள், அலுத்தவர்கள், நேரம் இல்லாதவர்கள். ஊசி வேண்டாம் என்பவரிடம் பேசுகிற மாதிரி இவர்களிடம் பேசினால், இல்லாத எதிர்ப்பை நாமே உண்டாக்கிவிடுவோம்.

காய்ச்சலுக்கு வருகிறேன். பெண்டாவில் இருக்கும் கக்குவான் பகுதி முழுக் கிருமியைக் கொன்று செய்வது. அதனால்தான் காய்ச்சல். பாதிக் குழந்தைகளுக்கு வரைகூட வரலாம். அன்று சாயங்காலமோ ராத்திரியோ தொடங்கி ஒன்றிரண்டு நாளில் இறங்கிவிடும். ஊசி போட்ட தொடை சிவந்து, தொட்டால் குழந்தை வீறிடும். இதையெல்லாம் ஊசிக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால், ராத்திரி காய்ச்சல் வரும்போது வீட்டில் "நர்ஸம்மா சொன்னாங்கல்ல" என்பார்கள். சொல்லாமல் விட்டால் "என்னத்தையோ போட்டுட்டாங்க" என்பார்கள். காய்ச்சல் இரண்டு வீட்டிலும் ஒன்றுதான், அடுத்த தவணைக்கு வருவது முதல் வீடு மட்டும்.

ஊசி போடுபவர் சொல்ல வேண்டிய நான்கு செய்திகள் பயிற்சியில் எல்லோருக்கும் சொல்லித்தரப்பட்டவைதான்: இது என்ன ஊசி, எந்த நோய்க்கு; என்ன தொந்தரவு வரலாம், வந்தால் என்ன செய்வது; அடுத்து எப்போது, எங்கே வருவது; அட்டையைப் பத்திரமாக வைத்து மறுபடி கொண்டுவருவது. கூட்டத்தில் முதலும் கடைசியும் மட்டும் சொல்லி அனுப்பிவிடுகிறோம். நடுவில் இருக்கும் காய்ச்சல் விஷயம்தான் அடுத்த வருகையைத் தீர்மானிக்கிறது. ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் உட்கார வைக்கிறோமே, அதுதான் இதைச் சொல்லச் சரியான நேரம். சொல்லி முடித்ததும் "ராத்திரி காய்ச்சல் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். கூட வந்த பாட்டியிடம் கேட்பது இன்னும் நல்லது.

மூன்று ஊசி பற்றி. 6வது வாரம் இடது தொடையில் பெண்டா, வலது தொடையில் நிமோனியா ஊசி, வலது மேற்கையில் தோலுக்குள் 0.1 மி.லி. போலியோ ஊசி. ஆக மூன்று குத்து, அதோடு போலியோ சொட்டு, ரோட்டா (வைரஸ் பேதிக்கான) சொட்டு. 14வது வாரமும் இதே மூன்று. ஆனால் 10வது வாரம் பெண்டா ஒன்றுதான் ஊசி, மற்ற இரண்டும் சொட்டு. பெரும்பாலான வீடுகளுக்கு இது தெரியாது. "அடுத்த தடவை ஒரே ஒரு ஊசிதான், பாட்டி" என்ற வாக்கியம் எந்தப் பேனரையும்விட வேலை செய்யும். 6வது வாரத்திலேயே சொல்லி அனுப்புங்கள்.

அழுகையைக் குறைக்கவும் வழி உண்டு. சொட்டு மருந்துகளை முதலில் கொடுத்துவிட்டு ஊசிகளைப் பிறகு போடுங்கள். குழந்தையை மேசையில் மல்லாக்கப் படுக்க வைக்காமல் தாய் மடியில் நிமிர்த்திப் பிடிக்கட்டும். பால் குடித்துக்கொண்டே இருந்தாலும் போடலாம், சொட்டு மருந்துக்குப் பின் பால் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் கிடையாது. போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, சூட்டு ஒத்தடம் வேண்டாம், குளிர்ந்த ஈரத்துணி போதும்.

இன்னொன்று, நம் பக்கத்துத் தவறு. லேசான சளி, இருமல், பேதி, எடை குறைவு, குறைமாதம், இவை எதுவும் ஊசியைத் தள்ளிப்போடக் காரணம் இல்லை. "சளி இருக்கு, அடுத்த வாரம் வாங்க" என்று ஒருமுறை திருப்பி அனுப்பினால், அடுத்த முறை அந்த வீட்டார் தாங்களே "சளி இருக்கு" என்று நின்றுவிடுவார்கள். சாக்கைக் கற்றுக்கொடுத்தது நாம்தான்.

மருந்துக்கடை மாடி:

மேலே சொன்னதில் ஒன்று சேர்க்க வேண்டும். "காய்ச்சல் வந்தா பாராசிட்டமால் கொடுங்க" என்று மொட்டையாகச் சொல்லி அனுப்பாதீர்கள்.

கடையில் குழந்தைப் பாராசிட்டமால் குறைந்தது மூன்று அடர்த்தியில் இருக்கிறது. 5 மி.லி.யில் 120 அல்லது 125 மி.கி. உள்ள சிரப், 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப், 1 மி.லி.யிலேயே 100 மி.கி. உள்ள டிராப்ஸ். அளவு எடைக்கு: கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. 4 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு அதிகபட்சம் 60 மி.கி. அது 120 சிரப்பில் 2.5 மி.லி., 250 சிரப்பில் 1.2 மி.லி., டிராப்ஸில் 0.6 மி.லி. பக்கத்து வீட்டில் "ரெண்டரை எம்.எல். கொடு" என்று சொன்னதைக் கேட்டு டிராப்ஸில் இரண்டரை மி.லி. கொடுத்தால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும், ஈரலுக்கு ஆபத்து. மாறாக, சிரப்பில் 0.6 மி.லி. கொடுத்தால் காய்ச்சல் குறையாது, பழி ஊசி மேல் விழும்.

அதனால் செஷனில் (ஊசி போடும் முகாமில்) எந்த மருந்து தருகிறீர்களோ அதன் அளவை மட்டும், அந்தக் குழந்தையின் எடைக்குக் கணக்கிட்டு, அட்டையின் பின்னால் எழுதிக் கொடுங்கள். பில்லரில் அந்தக் கோடு வரை பேனாவால் குறித்தால் இன்னும் நல்லது. 4 மணி நேரத்துக்குள் மறுபடி கூடாது, 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. ஊசிக்கு முன்னாலேயே "வராமல் இருக்க" என்று கொடுப்பதும் வேண்டாம். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது.

எப்போது ஓடிவர வேண்டும் என்பதையும் அதே அட்டையில் எழுதலாம்: இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல், 3 மணி நேரத்துக்கு மேல் விடாத அழுகை, வலிப்பு, குழந்தை துவண்டு போதல், மூச்சுத் திணறல், பால் குடிக்காமல் இருப்பது.

எம்.ஆர். ஊசிக்கு இந்தக் கணக்கு மாறும். அதில் காய்ச்சலோ லேசான சிவப்புத் தடிப்போ 5 முதல் 12 நாள் கழித்துத்தான் வரும். அதைச் சொல்லாவிட்டால் "ஊசி போட்டதாலதான் அம்மை வந்துச்சு" என்று ஊர் முழுக்கப் பரவும். பி.சி.ஜி. கொப்புளமும் அப்படித்தான், சில வாரம் கழித்துப் பழுத்து உடைந்து தழும்பாகும். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் பூச வேண்டாம் என்று சொல்லிவைக்க வேண்டும்.

வேப்பமரத்தடி:

அம்மை விஷயத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

"ஆத்தா வந்து போறது" என்று சொல்லும் பாட்டியிடம், அது வைரஸ், மூடநம்பிக்கை என்று ஆரம்பித்தால் அன்றோடு அந்தத் தெரு முடிந்தது. நம்பிக்கையைத் தொடாமலேயே பேச இடம் இருக்கிறது. அந்தப் பாட்டி அறுபதைத் தாண்டியவர் என்றால் அவர் மேற்கையைப் பாருங்கள், அம்மை குத்திய தழும்பு வட்டமாக, நடுவில் குழிந்து இருக்கும். "இது எதுக்கு வெச்சது பாட்டி?" என்று கேட்டால் அவரே பெரியம்மைக் கதை சொல்லுவார். இந்தியாவில் கடைசிப் பெரியம்மை 1975இல், உலகிலிருந்தே ஒழிந்ததாக 1980இல் அறிவித்தார்கள். ஆத்தாவைக் கும்பிட்ட அதே தலைமுறைதான் கையையும் நீட்டியது. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தவை என்பதை அவர் வாயாலேயே வரவைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதியை மருமகளிடம் அவரே பேசிக்கொள்வார்.

அடுத்து, ஒரு பயத்துக்குப் பதில் இன்னொரு பயத்தை வைக்காதீர்கள். "ஊசி போடலேன்னா புள்ள செத்துடும்" என்பது மிரட்டல், ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள். நடப்பதை மட்டும் சொல்லுங்கள். தட்டம்மை வந்தவர் இருந்த அறைக்குள் பாதுகாப்பு இல்லாத 10 பேர் போனால் 9 பேருக்கு வரும். அம்மை இறங்கியதும் முடிந்தது என்று நினைக்கிறோம், ஆனால் குழந்தையைப் படுத்துவது அதன் பின்னால் வரும் நிமோனியாவும் பேதியும் கண் பாதிப்பும்தான். போதாக்குறைக்குத் தட்டம்மை உடம்பின் பழைய எதிர்ப்பு நினைவையே கணிசமாக அழித்துவிடுகிறது, அதனால் பிறகும் பல மாதம் வேறு நோய்கள் தொற்றிக்கொண்டே இருக்கும். "அம்மை வந்ததிலேருந்து புள்ள தேறவே இல்ல" என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்களே, அதுதான் இது.

ரூபெல்லாவை விளக்க இன்னொரு வாசல் இருக்கிறது. குழந்தைக்கு அது லேசாக வந்து போய்விடும். அந்த வீட்டில் மாசமாக இருக்கும் சித்திக்கோ அத்தைக்கோ முதல் மூன்று மாதத்தில் தொற்றினால், பிறக்கும் பிள்ளைக்குக் காது கேட்காமல் போகலாம், கண்புரை, இதயக் கோளாறு வரலாம். அதனால்தான் பையன்களுக்கும் போடுகிறோம் என்று சொன்னால் "ஆம்பளப் புள்ளைக்கு எதுக்கு?" என்ற கேள்வியும் அடங்கும்.

வாசலில் வேப்பிலை கட்டியிருந்தால் உள்ளே போகாதீர்கள், வாசலிலேயே பேசுங்கள். அந்த வீட்டுக் குழந்தைக்கு இப்போது வேண்டியது வைட்டமின் ஏ: ஒரு வயதுக்கு மேல் 2 லட்சம் யூனிட், 6 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 1 லட்சம், 6 மாதத்துக்குள் 50 ஆயிரம். இன்று ஒன்று, நாளை ஒன்று. "இது கண்ணுக்கு" என்று கொடுத்தால் மறுக்க மாட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அன்றே சொல்லுங்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளில் யாருக்கு எம்.ஆர். பாக்கி என்று பார்க்க வேண்டியது அந்த வாரத்திலேயே.

வாட்ஸ்அப் ஆடியோவுக்கு: 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் எம்.ஆர். முகாம் நடந்தபோதும் இதே மாதிரிதான் ஆடியோக்கள் பறந்தன. அதில் கற்றது இரண்டு. வதந்தியை நாமே எடுத்துச் சொல்லி மறுத்தால் கேட்காதவர்களுக்கும் போய்ச் சேரும். யார் கேட்கிறார்களோ அவரிடம் மட்டும், முதலில் உண்மையைச் சொல்லி, பிறகு ஒரே வரியில் "அந்த ஆடியோ தப்பு" என்று முடித்துவிடுங்கள். இரண்டாவது, ஆடியோவுக்கு ஆடியோதான் பதில், அதுவும் அவர்களுக்குத் தெரிந்த குரலில். ஜமாத் தலைவர், பாதிரியார், பள்ளித் தலைமையாசிரியர், அந்த ஊரார் காய்ச்சலுக்குப் போகும் தனியார் டாக்டர். அந்த டாக்டரை யாரும் போய்ப் பார்ப்பதே இல்லை! அவர் "போட்டா போடு, போடலைன்னாலும் பரவால்ல" என்று ஒரு வார்த்தை சொன்னால் நம் மூன்று மாத உழைப்பு போச்சு. முதலில் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.

குளத்துக்கரை:

நன்றி எல்லோருக்கும். 10வது வாரம் ஒரே ஊசி என்பதை நாங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை, உடனே தொடங்குகிறோம்.

இன்னும் இரண்டு. ஓரளவு வசதி உள்ளவர்கள் "தனியாரில் வலியில்லாத ஊசி இருக்காமே, அது நல்லதுதானே?" என்கிறார்கள். பதில் என்ன? அப்புறம், ஒன்றரை வயது ஆகியும் ஒரு பெண்டாவோடு நின்ற பிள்ளைகள், ஒன்றுமே போடாத பிள்ளைகள் இருக்கிறார்கள். "இனிமே முதல்லேருந்து போடணுமா?" என்று பயந்தே வருவதில்லை.

ஐஸ்பெட்டி:

வலியில்லாத ஊசி என்பது கடைப் பெயர். அதில் கக்குவான் கிருமியின் சில புரதங்களை மட்டும் எடுத்துச் சேர்த்திருப்பார்கள், அதனால் காய்ச்சலும் வீக்கமும் குறைவு. குத்தும்போது வலி அதேதான். கக்குவானுக்கு எதிரான பாதுகாப்பு அதில் கொஞ்சம் சீக்கிரம் தேய்கிறது, முழுக் கிருமி ஊசியில் கூடுதல் காலம் நிற்கிறது. ஒரு தவணைக்கே சில ஆயிரம் ஆகும். "அது மோசம்" என்று சொல்லாதீர்கள், பொய். "காய்ச்சல் குறையும், காசு கூடும், நம்ம ஊசியில ஒன்றிரண்டு நாள் காய்ச்சல், பாதுகாப்பு கெட்டி" என்று உள்ளதைச் சொல்லுங்கள். தனியாரில் போடுவோம் என்றால் போடட்டும், எந்தத் தேதியில் எது போட்டார்கள் என்பதை அட்டையில் ஏற்றுங்கள். பணம் தீர்ந்து நடுவில் நின்றால் இங்கே தொடரலாம் என்பதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள். அப்படி நின்றுபோனவர்கள்தான் வெட்கப்பட்டு வராமல் இருப்பவர்கள்.

விட்டுப்போன தவணைகளுக்கு: எதையும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்துதான்.

ஒரு வயதுக்குள் ஒரு பெண்டாவாவது போட்டிருந்தால், மீதியைப் பெண்டாவாகவே 4 வார இடைவெளியில் முடிக்கலாம். ஒரு வயது தாண்டியும் ஒன்றுமே போடவில்லை என்றால் பெண்டா கிடையாது; டி.பி.டி. (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ் ஊசி) மூன்று தவணை, 4 வார இடைவெளி, பிறகு 6 மாதம் கழித்து பூஸ்டர். டி.பி.டி.யை 7 வயது வரை போடலாம். எம்.ஆர். 5 வயது வரை, 4 வார இடைவெளியில் இரண்டு தவணை. போலியோ சொட்டும் 5 வயது வரை. பி.சி.ஜி.யும் ரோட்டா முதல் தவணையும் ஒரு வயதோடு முடிந்தன. இவற்றில் எவையெல்லாம் பாக்கியோ அவற்றை ஒரே நாளில் வேறு வேறு இடத்தில் போட்டுவிடலாம், பிரித்துப் பிரித்து வரச் சொல்வதுதான் மறுபடி தவற வைக்கும். அட்டை தொலைந்துவிட்டது என்று திட்டாதீர்கள். பழைய ரிஜிஸ்டரிலோ அரசின் இணையப் பதிவான யூ-வின்னிலோ தேடிப் புது அட்டை எழுதிக் கொடுங்கள்.

இதோடு சேர்த்து எம்.ஆர். வைல் (பல குழந்தைகளுக்கான மருந்துக் குப்பி) பற்றி. "இன்னிக்கு ஒரே குழந்தைதான், வைலைத் திறந்தால் வீணாகும், அடுத்த புதன் வாங்க" என்று அனுப்புவது நிறைய இடங்களில் நடக்கிறது. ஒரு குழந்தைக்காகவும் திறக்க வேண்டும் என்பதுதான் விதி. கரைத்த எம்.ஆர். வைலை 4 மணி நேரத்துக்குப் பின் தூக்கி எறிய வேண்டும், அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. கிருமி நுழைந்து வளர்ந்தால் சில மணி நேரத்தில் குழந்தைக்குக் கடும் காய்ச்சல், வாந்தி, பேதி என்று உயிரே போகலாம். கரைத்த நேரத்தை வைல் மேலேயே எழுதுங்கள். கரைக்கும் திரவம் அதே கம்பெனி அந்த ஊசிக்கென்று அனுப்பியதாகத்தான் இருக்க வேண்டும், அதுவும் 2 முதல் 8 டிகிரியில் குளிர்ந்திருக்க வேண்டும்.

பெண்டாவுக்கு நேர் எதிர்ப் பிரச்சினை, அது உறையக் கூடாது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே கேரியரில் அடுக்கினால் பக்கத்தில் இருக்கும் பெண்டா உறைந்துவிடும். வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் சத்தம் கேட்ட பிறகுதான் அடுக்க வேண்டும். உறைந்து உருகிய பெண்டா பலனும் குறைந்திருக்கும், போட்ட இடத்தில் கட்டியும் வரும். தயக்கத்துக்கு எதிரான வேலை பாதி இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. ஒரு குழந்தைக்குத் தொடையில் சீழ்க்கட்டி வந்தால் அந்தத் தெருவில் எந்த நோட்டீஸும் எடுபடாது.

சூளைமேட்டுக்காரர்:

எல்லாம் சரி, ஆனால் பேச்சை மட்டுமே எல்லோரும் பெரிதாக்குகிறீர்கள் என்று படுகிறது. சூளைக் குடும்பங்கள் மறுக்கவே இல்லை. அவர்களுக்குக் கல் கணக்குக் கூலி. நள்ளிரவில் தொடங்கிக் காலை வரை அறுப்பு, பகலில் தூக்கம். நீங்கள் புதன்கிழமை காலை 10 மணிக்கு அங்கன்வாடியில் உட்கார்ந்திருந்தால் யார் வருவார்?

மேஸ்திரியிடம் பேசுங்கள், முதலாளியிடம் அப்புறம். வாரக் கூலி கொடுக்கும் நாள் எது என்று கேட்டு, அன்று சாயங்காலம் சூளையிலேயே செஷன் வையுங்கள், மைக்ரோ பிளானில் (ஊர்வாரி ஊசித் திட்டத்தில்) அந்த இடத்தைச் சேர்த்து. ஒடியா பேசும் தொழிலாளி ஒருவரை வைத்து ஒரு நிமிட ஆடியோ எடுத்துக்கொள்ளுங்கள்: என்ன ஊசி, காய்ச்சல் வரும், மருந்து எவ்வளவு, அடுத்து எப்போது. ஒடிசா அட்டை இருந்தால் அதிலேயே தேதி போடுங்கள். மழைக்கு முன் ஊர் திரும்பிவிடுவார்கள், அதற்குள் எத்தனை தவணை முடியும் என்று முதல் நாளே கணக்குப் போடுங்கள்.

போலியோவில் உத்தரப் பிரதேசமும் பீகாரும் கற்ற பாடமும் இதுதான். "ரோடு இல்ல, சாக்கடை இல்ல, சொட்டு மருந்து மட்டும் மாசா மாசம் வருது" என்றுதான் அங்கே கதவைச் சாத்தினார்கள். 2009இல் 107 வட்டாரங்களைத் தேர்ந்தெடுத்து, சொட்டோடு சேர்த்துப் பேதிக்கான துத்தநாக மாத்திரை, உப்புச் சர்க்கரைக் கரைசல், கைகழுவுதல், சுத்தமான தண்ணீர் என்று வேலை செய்தார்கள். அந்தந்தத் தெருப் பெண்களே வீடு வீடாகப் போனார்கள். நாட்டின் கடைசி போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்து ஹவுராவில். 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்த நாடு என்ற சான்று கிடைத்தது. நீங்களும் சூளைக்குப் போகும்போது வெறும் ஊசிப் பெட்டியோடு போகாதீர்கள். மாசமானவர்களுக்கு இரத்த அழுத்தம் பாருங்கள், பிள்ளைகளுக்கு எடை பாருங்கள்.

புதன்கிழமை:

சூளைமேட்டுக்காரர் சொன்னது நியாயம். ஊசியைத் தவறவைக்கும் அலட்சியம், அவநம்பிக்கை, அலைச்சல் மூன்றில் கடைசியைத்தான் நம்மால் உடனே சரிசெய்ய முடியும்.

இதுவரை யாரும் தொடாத ஒன்று: ஏதாவது பெரிதாக நடந்துவிட்டால்? 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பிறகு 4 குழந்தைகள் இறந்தபோது, ஊருக்குள் ஊசி போடுவதையே நிறுத்தி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றினார்கள். அன்று பிள்ளை வைத்திருந்த தாய்மாரில் சிலர் இன்று பாட்டிகள், அவர்களுக்கு நினைவிருக்கிறது. அவர்கள் பயத்தைக் கிண்டல் செய்யாதீர்கள்.

சமோவா தீவு நாட்டில் நடந்ததைப் பாருங்கள். 2018 ஜூலையில், ஊசி மருந்தைக் கரைக்கும் தண்ணீருக்குப் பதில் தவறுதலாகத் தசை தளர்த்தும் மருந்தைக் கலந்துவிட்டதால் இரண்டு குழந்தைகள் இறந்தன. ஊசியில் குறை இல்லை, கலந்ததில் குறை. ஆனால் திட்டத்தையே பல மாதம் நிறுத்தினார்கள், அந்த இடைவெளியில் வதந்தி புகுந்தது. 2019 கடைசியில் தட்டம்மை வந்தது. சுமார் 2 லட்சம் பேர் உள்ள நாட்டில் 5,700க்கு மேல் நோயாளிகள், 83 சாவு, பெரும்பாலும் ஐந்து வயதுக்குள். டிசம்பரில் இரண்டு நாள் அரசு அலுவலகங்களை மூடி வீடு வீடாக ஊசி போட்டார்கள், ஊசி போடாதவர்கள் உள்ள வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொல்லி.

அதனால் ஊசிக்குப் பின் ஒரு குழந்தைக்கு வலிப்போ ஆஸ்பத்திரிச் சேர்க்கையோ மரணமோ என்று காதில் விழுந்தால், காரணம் எதுவாக இருந்தாலும் அன்றே அந்த வீட்டுக்குப் போங்கள். மருத்துவ அலுவலருக்கு உடனே சொல்லுங்கள், 24 மணி நேரத்துக்குள் மாவட்டத்துக்கு அறிக்கை போக வேண்டும். மீந்த வைல், கரைப்புத் திரவம், சிரிஞ்சு எதையும் எறியாமல் குளிரில் பத்திரப்படுத்துங்கள். "ஊசியால இல்ல" என்று முந்திக்கொண்டு சொல்லாதீர்கள், தெரியாதே. "என்னன்னு பாத்துக்கிட்டு இருக்கோம், தெரிஞ்சதும் நானே வந்து சொல்றேன்" என்று சொல்லி, சொன்னபடி போங்கள். அதே வைலில் போட்ட மற்றக் குழந்தைகளின் வீடுகளுக்கும் அன்றே போய்ப் பார்க்க வேண்டும், அவர்கள் கேள்விப்பட்டுக் கலங்குவதற்கு முன்னால்.

பள்ளியில் போடும்போது வேறு விதம். ஒரு பெண் மயங்கினால் வரிசையில் இருப்பவர்கள் அடுத்தடுத்து மயங்குவார்கள், அது ஊசி மருந்தால் அல்ல, பயத்தால். காலையில் சாப்பிட்டார்களா என்று கேளுங்கள், போடும் இடம் வரிசைக்குத் தெரியாத மாதிரி திரை கட்டுங்கள், உட்காரவைத்துப் போடுங்கள். மயங்கியவரைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் ஓரிரு நிமிடத்தில் எழுந்துவிடுவார், நாடி மெதுவாக இருக்கும். நாடி வேகமாக, பலவீனமாக இருந்து, முகம் வீங்கி, உடம்பில் தடிப்பு, மூச்சில் இழுப்பு என்றால் அது கடும் ஒவ்வாமை. 1:1000 அட்ரினலினைத் தொடையின் வெளிப்புற நடுப்பகுதியில் தசைக்குள் போட்டுவிட்டு 108ஐக் கூப்பிட வேண்டும். வயதுக்கான அளவு, ஒவ்வாமைக்கான அவசர மருந்துக் கிட் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறதா, மருந்து காலாவதி ஆகவில்லையா என்று ஒவ்வொரு செஷனுக்கும் முன்னால் பாருங்கள்.

குளத்துக்கரை:

எங்கள் கிட்டில் அந்த அளவுத் தாள் இல்லை, பார்த்துவிட்டேன். நாளை மருத்துவ அலுவலரிடம் வாங்கி ஒட்டிவிடுகிறோம். சூளை மேஸ்திரியிடம் ஞாயிறு சாயங்காலம் கேட்டிருக்கிறேன். மருந்துக்கடை மாடி, எங்களுக்கு இப்போது வருவது 125 சிரப். 3 கிலோ, 4 கிலோ, 5 கிலோவுக்கு எத்தனை மி.லி. என்று எழுதிக் கொடுத்தால் அட்டையில் சீல் மாதிரி அடித்துவிடலாம்.

மருந்துக்கடை மாடி:

5 மி.லி.யில் 125 என்றால் 1 மி.லி.யில் 25 மி.கி. 3 கிலோவுக்கு 1.5 மி.லி., 4 கிலோவுக்கு 2 மி.லி., 5 கிலோவுக்கு 2.5 மி.லி. இது கிலோவுக்கு 12.5 மி.கி. கணக்கு, இரு பக்கமும் பாதுகாப்பானது. சீல் அடிக்கும் முன் உங்கள் மருத்துவ அலுவலரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சீலில் "125 சிரப் மட்டும்" என்று பெரிதாகப் போடுங்கள். ஸ்டாக் மாறி 250 வந்தால் அந்தச் சீலைத் தூக்கி உள்ளே வைத்துவிட வேண்டும்.